அதே முகவரியிலிருந்து

அந்த மருத்துவமனையில் அவளுக்குக் காவக்காரம்மா என்று பெயர். வாசல் காவல் இல்லை. அதற்கு மீசை வைத்த ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இவள் காப்பது சர்வர்களை. நோயாளிகளின் விவரம், டாக்டர்களின் மெயில் எல்லாம் இருக்கிற பெட்டிகள். உலகத்தில் வேலைவெட்டி இல்லாத கூட்டம் ஒன்று இருக்கிறது பாருங்கள், அது பொழுது விடிந்ததிலிருந்து அந்தச் சர்வர்களின் லாகினில் ஏதாவது ஒரு பாஸ்வேர்டைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதையும் மனிதன் உட்கார்ந்து செய்வதில்லை, மெஷினை ஏவிவிட்டுப் போய்விடுகிறான். அது எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வருகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதும், அந்த முகவரிக்குச் சொந்தமான இன்டர்நெட் கம்பெனிக்குப் புகார் எழுதுவதும், அடங்காவிட்டால் முகவரியை பிளாக் செய்வதும்தான் அவள் பிழைப்பு.

பிளாக் செய்தால் ஒழிந்தது என்று நினைக்க வேண்டாம். போக்கிரி வேறு முகவரியைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருவான். அதுதான் அவனுக்கு அடையாளம். எந்தக் காலத்திலும் அடைக்கவே கூடாத முகவரிகள் என்று அவள் தனியாக ஒரு பட்டியல் வைத்திருந்தாள். ரத்த வங்கி ஒன்று, ஆம்புலன்ஸ் ஆபீஸ் ஒன்று. அவ்வளவுதான். பெரிய டாக்டர் தன் வீட்டு முகவரியையும் சேர்க்கச் சொல்லி எத்தனையோ முறை கேட்டுவிட்டார். அவள் மசியவில்லை.

புகார் எழுதுவது பெரும்பாலும் கிணற்றில் கல்லைப் போடுகிற வேலை. பதில் வந்தால் மெஷின்தான் அனுப்பும்: 'உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம்.' முக்கியமாம், முக்கியம்! ஒரே ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து மட்டும் ஒரு மனிதர் எழுதினார். மூன்று வருடத்துக்கு முன்பு வந்த அவருடைய முதல் பதிலை அவள் இன்னும் அழிக்கவில்லை. 'பார்த்தேன். அது ஒரு தையல் கடைக் கம்ப்யூட்டர். எவனோ உள்ளே புகுந்து, அதை வைத்து உங்கள் கதவைத் தட்டியிருக்கிறான். சுத்தம் செய்துவிட்டேன். தையல்காரருக்கு ஒன்றுமே தெரியாது, பயந்துபோய் அழுதுவிட்டார், பாவம்.'

அந்தப் 'பாவம்' என்ற வார்த்தையில் விழுந்தவள்தான், எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் புகாருக்குக் கீழே ஒரு வரி, பதிலுக்குக் கீழே இரண்டு வரி என்று வளர்ந்தது. அவர் பூனை கீபோர்டில் படுத்துக்கொண்டது, இவள் சர்வர் அறைக் குளிருக்கு அண்ணனின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போய்த் திட்டு வாங்கியது, அவர் சமைத்துக் கருக்கிய பாத்திரம். சில வாரம் எந்தப் போக்கிரியும் அந்தப் பக்கத்திலிருந்து வராவிட்டால், ஐயோ ஒருத்தனாவது வரமாட்டானா என்று இவளுக்கே ஏக்கமாக இருக்கும். காவக்காரி திருடனுக்காகக் காத்திருந்த கதையை வெளியே சொல்ல முடியுமா?

வீட்டில் தெரிந்துபோயிற்று. அண்ணி அவருக்குப் 'புகார்காரர்' என்று பெயர் வைத்தாள். "முப்பத்தொன்பது வயசாகுது உனக்கு. இன்னும் எத்தனை நாள் இந்தப் புகார்லயே குடித்தனம் பண்ணப்போறே? வீட்டுக்குக் கூப்பிடு, நாங்களும் பார்க்கிறோம்" என்றாள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளே கூடத்துக்கு வெள்ளையடிக்க ஆள் கூட்டி வந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் எழுதினாள். எழுதி, அழித்து, எழுதி, கடைசியில் இரண்டே வரி. 'அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறீர்களா? அண்ணனும் அண்ணியும் இருப்பார்கள்.' அனுப்பிவிட்டு, வாரிச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

சனிக்கிழமை காலை வந்து பார்த்தால் பதில் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு தாக்குதல் வந்திருந்தது. எங்கிருந்து? வேறெங்கிருந்து, அவருடைய கம்பெனி முகவரிகளிலிருந்துதான்! ஒன்றில்லை, அந்த வரிசை பூராவிலிருந்தும் பாஸ்வேர்டுகள் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன. வழக்கமாக என்றால் உடனே அவருக்குப் புகார் எழுதியிருப்பாள். அன்றைக்குக் கை வரவில்லை. நேற்று அப்படி ஒரு கடிதம் எழுதிவிட்டு, இன்று அதன் தலைமேல் புகாரா? பதிலுக்கு நச்சரிக்கிறாள் என்று நினைத்துவிட்டால்? வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு முகவரியாகப் பார்த்து அடைக்கிற பொறுமையும் இல்லை. அந்த முகவரி வரிசையை, ஒரு தெருவையே அடைப்பதுபோல, மொத்தமாக அடைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனாள்.

ஞாயிறு பதில் இல்லை. திங்கள் இல்லை. செவ்வாய்க்கிழமை அண்ணி கேட்பதையே நிறுத்திவிட்டாள். அது கேட்பதைவிட மோசமாக இருந்தது. கூடத்தில் புதுச் சுண்ணாம்பு வாசனை. அவள் சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டு எழுந்து போனாள். இத்தனை வயதுக்கு மேல் இந்த ஆசை தேவையா என்று தன்னையே ஏசிக்கொண்டாள். தலையணை நனைந்ததை யாரும் பார்க்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் ஸ்டோர்காரர் மூச்சு வாங்க வந்து நின்றார். பஞ்சும் பேண்டேஜும் வாங்கி வைக்கிற மனிதர், குரல் மட்டும் மைக் வைத்த மாதிரி.

"காவக்காரம்மா, பஞ்சு கம்பெனிக்காரன் மெயில் மேல மெயில் போட்டேங்கிறான். எனக்கு ஒண்ணும் வரலை. போன்ல கத்துறான். நான் பொய் சொல்றேனா, அவன் பொய் சொல்றானா?"

"ஸ்பேம்ல கிடக்கும், பாருங்கண்ணா."

"ஸ்பேமையும் கொட்டிக் கவுத்துப் பார்த்துட்டேன். எனக்கு லாட்டரி விழுந்திருக்காம். பஞ்சு மட்டும் வரலை."

அவள் சலித்துக்கொண்டே பஞ்சு கம்பெனியின் முகவரியைத் தேடினாள். கை அப்படியே நின்றுவிட்டது. பஞ்சு கம்பெனியும் அந்தத் தெருவில்தான் இருந்தது, அவள் சனிக்கிழமை அடைத்த தெருவில். அவருடையது சின்ன இன்டர்நெட் கம்பெனி. வாடிக்கையாளர்களுக்கும் தன் ஆபீஸுக்கும் ஒரே வரிசையில்தான் முகவரி கொடுத்திருந்தது.

"அட கடவுளே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இது அவளுக்குத் தெரியாதா? அடைத்த தெருவிலிருந்து கடிதமும் வராது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் பதில் வராது என்று மனசு முடிவு கட்டிவிட்டால், கதவு சாத்தியிருக்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பார்கள்?

சர்வர் திருப்பி அனுப்பிய வருகைகளின் பதிவைத் திறந்தாள். சனிக்கிழமை வந்த போக்கிரிகள் அன்றைக்கே ஓய்ந்துபோயிருந்தார்கள். ஒரு முகவரி மட்டும் ஓயவில்லை. சனிக்கிழமை வந்து தட்டியிருந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி. அப்புறம் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பொறுத்து. ஞாயிறு, திங்கள், செவ்வாய். பாஸ்வேர்ட் எதுவும் போட்டுப் பார்க்கவில்லை, மெயில் வருகிற வாசலைத் தவிர வேறெதையும் தொடவில்லை. ஒரே முகவரி, ஒரே வாசல். அது அவருடைய ஆபீஸ் மெயில் சர்வர். மூன்று வருடப் பழக்கத்தில் அந்த எண்கள் அவளுக்கு மனப்பாடம்.

சேர்க்க முடியாத மெயிலை அனுப்புகிற சர்வர் லேசில் விடாது. விட்டு விட்டு வந்து பார்க்கும். ஐந்து நாள் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். இன்றைக்கு ஐந்தாவது நாள்.

அடைப்பை எடுத்துவிட்டாள்.

"இப்ப வருமா?" என்றார் ஸ்டோர்காரர்.

"அதுவா வந்து தட்டணும்ண்ணா."

"பஞ்சுக்காரனுக்குப் போன் பண்ணி மறுபடி அனுப்பச் சொல்லிட்டாப் போச்சு. அதுக்கு ஏன் நீங்க இப்படி வேர்த்துக் கொட்டறீங்க?"

"பஞ்சுக்கு இல்ல" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் அந்தப் பெரிய குரலை எங்கே ஒளித்து வைத்தாரோ, ஒரு வார்த்தை பேசவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

புகார்காரருக்கு அவளே எழுதிக் கேட்கலாம்தான். எப்படிக் கேட்பது? 'உங்கள் பதில் கிடைக்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்றா? அது 'முடியாது' என்ற பதிலாக இருந்தால், அதை இரண்டாம் தடவை சொல்ல வைப்பது எவ்வளவு கொடுமை!

பஞ்சு வந்தது, எட்டு மெயிலாக. ஸ்டோர்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெயில் ஜன்னலை விட்டு இறங்கிப்போனது. அப்புறம்தான் அவள் காத்திருந்தவர் பெயரில் ஒன்று விழுந்தது, திங்கட்கிழமை எழுதியது.

'சனிக்கிழமை எங்கள் பக்கத்திலிருந்து வந்ததற்கு மன்னிக்க வேண்டும். நிறுத்திவிட்டேன். எங்கள் தெருவையே அடைத்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. சரிதான், உங்கள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். என்னிடம் வீட்டு மெயில் வேறு இருக்கிறது, அதிலிருந்து எழுதினால் இப்போதே வந்து சேரும். ஆனால் அடைத்த பிறகு வேறு முகவரியில் சுற்றி வருகிறவனை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் தெரிந்தே அடைத்திருந்தால் அதையும் மதிக்கிறேன். அதனால் இங்கேயே நிற்கிறேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் முந்தைய கடிதத்தில் இருக்கிறது. அது வெள்ளிக்கிழமை ராத்திரியே எழுதியது. கூச்சத்தில் காலைவரை அனுப்பாமல் வைத்திருந்தது என் தப்பு.'

"மகராசன்" என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஸ்டோர்காரர் பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து நீட்டினார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே முந்தைய கடிதமும் வந்து சேர்ந்தது.

'வருகிறேன். சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டேன். உங்கள் அண்ணன் அதிகம் பேசமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள், அதுதான் பயமாக இருக்கிறது. பூனையை அக்கா பார்த்துக்கொள்வாள்.'

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். 'கதவு திறந்திருக்கிறது. தெரிந்து அடைக்கவில்லை. வாருங்கள்' என்று பதில் போட்டாள். அடுத்து, அடைக்கவே கூடாத முகவரிகளின் பட்டியலைத் திறந்து, அந்த எண்களைப் பார்க்காமலே அடித்தாள்.

பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. காரணம் போடாமல் அது ஏற்காது, அப்படி வைத்தவள் அவளேதான். ரத்த வங்கிக்கும் ஆம்புலன்ஸுக்கும் 'உயிர்' என்று எழுதியிருந்தாள்.

"என்னம்மா போடப்போறீங்க?" என்றார் ஸ்டோர்காரர், பழைய குரலில்.

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு 'வீட்டு மனுஷர்' என்று அடித்துவிட்டு, அண்ணிக்குப் போன் போட்டாள்.