கண் உருளும் சத்தம்

அச்சகத்தில் அவளுக்குக் 'கழுகு' என்று பெயர். பள்ளிப் பாடப்புத்தகங்களில் பிழை திருத்துவது வேலை. பதினெட்டு வருடங்களில் ஓர் ஒற்றெழுத்துகூட அவளை ஏய்த்துவிட்டு அச்சுக்குப் போனதில்லை. அப்படிப்பட்டவளுக்கு, நாற்பத்து மூன்று வயதில், கண்ணை நகர்த்தினால் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

உப்புத்தாளை மரத்தில் தேய்க்கிற சத்தம், இடது காதுக்குள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'சரக்', வரி முடிந்து அடுத்த வரிக்குத் தாவும்போது நீளமாக ஒரு 'சர்ர்ர்'. நடந்தால் குதிகால் மண்டைக்குள் இடித்தது. பேசினால் சொந்தக் குரலே பீப்பாய்க்குள்ளிருந்து வந்தது. கீழ்த்தளத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் தடாலென்று இறங்கினால், மேசைமேல் இருக்கும் பக்கம் ஒரு நொடி சாய்ந்து நிமிர்ந்தது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சத்தத்தையும் காது கொடுத்துக் கேட்டுப் பழுது சொல்கிறவர். அவள் நெற்றிப்பொட்டில் காதை வைத்து, "எங்க, உருட்டு பாப்போம்" என்றார். உருட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உங்களுக்குக் கேட்டா நீங்கதான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஆனால் போனது அவள்தான். கண் டாக்டர், கண்ணுக்குச் சத்தம் கிடையாது, காதைப் பாருங்கள் என்றார். காது டாக்டர் சோதித்துவிட்டு, "என் காதைவிட உங்க காது நல்லா இருக்கும்மா" என்று நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அங்கே குழாய் மாதிரி ஸ்கேனுக்குள் அரை மணி நேரம் படுக்க வைத்தார்கள். முடிவு வந்தது.

"மூளை சுத்தமா இருக்கு. சந்தோஷப்படுங்க."

"சுத்தமா இருந்தா சத்தம் எங்கேருந்து டாக்டர் வருது?"

அவர் சீட்டு எழுதினார். மனநல டாக்டருக்கு. அவரோ நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். "யாராவது பேசற மாதிரி கேக்குதா?"

"பேசினாலாவது பேச்சுத் துணை ஆச்சு. தேய்க்குது டாக்டர்."

மாத்திரை கொடுத்தார். சத்தம் போகவில்லை, தூக்கம்தான் வந்தது. அந்தத் தூக்கக் கலக்கத்தில் ஐந்தாம் வகுப்பு அறிவியலில் 'ஒளி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஒலி' போய்விட்டது, அதுவும் பாடத்தின் தலைப்பிலேயே. பத்தாயிரம் பிரதி. மேலாளர் திட்டவில்லை. "என்னம்மா, கழுகுக்கே கண்ணக் கட்டிருச்சா" என்று சிரித்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

நாத்தனார் தன் பங்குக்கு, "அண்ணி, நீங்க எல்லாத்தையும் ரொம்ப யோசிக்கிறீங்க, அதான்" என்றாள்.

ஒன்றரை வருடம் இப்படிப் பந்தாடிய பிறகு, வேறொரு ஆஸ்பத்திரியில் மறுபடியும் காதுச் சோதனை. 'இதுவும் ஆச்சு' என்றுதான் போனாள். சோதனை செய்கிற பெண் கனத்த உடம்புக்காரி, முகத்தில் சிரிப்பே கிடையாது. காதின் பின்பக்க எலும்பில் கருவியை வைத்துச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனவள், ஓரிடத்தில் நின்றாள்.

"இதுகூடவா கேக்குது?"

"கேக்குது."

"இது யாருக்கும் கேக்காது." கருவியைக் கீழே வைத்தாள். "வேற என்னல்லாம் கேக்குது? ஒண்ணு விடாம சொல்லுங்க."

இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னாள், கண்ணையும் சொன்னாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து இரும்பு இசைக்கவையை எடுத்துத் தட்டி, குனிந்து, அவளுடைய கணுக்கால் எலும்பில் வைத்தாள்.

"எங்க கேக்குது?"

"இடது காதுல."

மூன்று தரம் வைத்துப் பார்த்தாள். பிறகு, "செருப்பப் போட்டுக்குங்க. டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

செருப்பு வார் சரியாக மாட்டவே இல்லை.

நுணுக்கமான ஸ்கேனில் தெரிந்துவிட்டது. மூளைக்கும் உள்காதுக்கும் நடுவே முட்டை ஓடு மாதிரி ஒரு எலும்புக் கூரை. அதில் கடுகளவு ஓட்டை. உடம்புக்குள் நடக்கும் சத்தமெல்லாம் அந்த வழியாகக் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. அறுவை டாக்டருக்கு முகமெல்லாம் பல். "ரொம்ப அபூர்வமான கேஸ்மா" என்று மாணவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக இசைக்கவையை அவள் கணுக்காலில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றரை வருடம் நம்ப ஒரு ஆள் இல்லை, இப்போது நம்புவதற்குக் கியூ நிற்கிறது. ஏழாவது ஆள் வந்தபோது காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அறுவை டாக்டர் மறைக்காமல்தான் சொன்னார்: ஆபரேஷனில் ஓட்டை அடைபடும், ஆனால் தலை சுற்றும், கேட்கும் திறன் கொஞ்சம் குறையலாம். சொன்னபடியே எல்லாம் நடந்தது. மயக்கம் தெளிந்து கண்ணை உருட்டினாள், சத்தமே இல்லை. ஆனால் மூன்று வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிவறைக்குப் போனாள். இடது காதில் கீச்சென்ற சத்தங்கள் கேட்காமல் போயின, திரும்பவும் இல்லை. வீட்டுக்காரர் வலது பக்கமாக வந்து பேசப் பழகிக்கொண்டார்.

இரண்டாம் மாதம் பரிசோதனைக்குப் போனபோது அறுவை டாக்டர் மூன்று தாள்களை நீட்டினார். மருத்துவப் பத்திரிகைக்கு அவளைப் பற்றி எழுதியிருந்தார், சம்மதக் கையெழுத்து வேண்டும். அவள் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"'இல்லாத சத்தம் கேட்பதாக நோயாளி கூறினார்'னு இருக்கு. இருந்துச்சு டாக்டர்."

"அது சும்மா வழக்கமா எழுதறது."

"மூணாவது பக்கத்துல வலது காதுன்னு இருக்கு. நீங்க எனக்குப் பண்ணினது இடது."

"டைப்பிங் மிஸ்டேக்மா."

"ஆபரேஷன்லயும் இப்படித்தான் டைப் அடிப்பீங்களா?"

பதினேழு இடத்தில் சுழித்துக் கொடுத்தாள். முதல் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரியும் சேர்த்தாள்: 'இதைக் கண்டுபிடித்தவர் காதுச் சோதனை செய்த பெண்.' நான்காம் திருத்தத்தில்தான் அந்த வரி உள்ளே வந்தது. கையெழுத்தும் அதில்தான் விழுந்தது.

அடுத்த திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போனாள். ஏழாம் வகுப்புப் புவியியல், முதல் தாள். வரியின் கடைசியிலிருந்து அடுத்த வரிக்குக் கண் தாவியது. ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு வரி. அதிலும் இல்லை. அந்த நிசப்தத்தைக் கேட்டபடியே பக்கத்தின் அடிவரை வந்துவிட்டாள். வந்த பிறகுதான், ஒரு பிழையைக்கூடப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. "தூ" என்று தன்னையே திட்டிக்கொண்டு முதல் வரிக்குத் திரும்பினாள்.