பதினோரு டப்பா

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில். ஊரார் சளியையும் மலத்தையும் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறவள். அப்பேர்ப்பட்டவளுக்கே கொழுந்தனின் அறைப் பக்கம் போனால் குமட்டிக்கொண்டு வந்தது.

ஸ்டுடியோவில் நாள் முழுக்க ஊரார் மூஞ்சியைப் படம் பிடிக்கிறவன், வீட்டுக்கு வந்தால் தேளைப் படம் பிடித்தான். பதினோரு தேள்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. நாய் வளர்க்கலாம், மீன் வளர்க்கலாம், இதென்ன கண்றாவி? கரப்பான்பூச்சியை இடுக்கியால் உயிரோடு பிடித்து உள்ளே போடுவான். அது காலை உதறிக்கொண்டிருக்கும்போதே தேள் அதைக் கூழாக்கி உறிஞ்சும். ஒருமுறை ஒன்று குட்டி போட்டது. தாயின் முதுகில் வெள்ளை வெளேரென்று அப்பிக்கொண்டு நெளிந்ததைப் படமெடுத்து, அவள் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்துக் காட்டினான். அன்றைக்கு அவள் பட்டினி. குட்டிகளை எந்தக் கிறுக்கனின் தலையில் கட்டினானோ தெரியாது.

புருஷனிடம் சொன்னால், தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தப் பைத்தியம்தான், விடு என்று முடித்துக்கொண்டு பஸ் ஓட்டப் போய்விடுவான். ஆனால் பத்து மாதக் குழந்தை தவழத் தொடங்கியதும் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்: தினமும் காலையில் தன் கண்ணெதிரே எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் அத்தனையும் வெளியே.

மூடியைத் திறந்து எண்ணினால் செல்லங்களுக்குத் தொந்தரவாம். அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஊதா டார்ச்சை அடிப்பான். அந்த ஒளியில் தேள் பச்சையாக மின்னும். பதினோரு டப்பாவிலும் பச்சை தெரிந்தால் கணக்குச் சரி. அதன் பிறகுதான் அவள் குழந்தையைக் கீழே விடுவாள்.

அன்று காலையும் எண்ணியாயிற்று. காப்பகத்துக்குக் கிளம்ப, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கட்டிலடியில் கிடந்த கம்பளித் தொப்பியை எடுத்தாள். தலையில் மாட்டப் போனவள், நேற்றுச் சிந்திய பால் காய்ந்துவிட்டதா என்று உள்ளே பார்த்தாள். மெழுகு மாதிரி வெளுத்த ஒரு தேள், வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவள் குழந்தையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். தொப்பியை மேசையில் போட்டுவிட்டுக் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

அவன் சாவகாசமாக வந்து எட்டிப் பார்த்தான். இது தன்னுடையதே இல்லை, தன்னுடையவை பதினொன்றும் டப்பாவில் இருக்கின்றன, இப்போதுதானே எண்ணினோம் என்றான். நிரூபிக்கிறேன் பேர்வழி என்று தொப்பிக்குள் டார்ச்சையும் அடித்தான். அது மின்னவே இல்லை.

"மூடியத் திறந்து ஒவ்வொண்ணா தொட்டுக் காட்டு," என்றாள்.

முணுமுணுத்துக்கொண்டே இடுக்கியால் தொட்டான். ஆறு தேள்கள் அசைந்தன. ஏழாவது டப்பாவின் மூடி சரியாக அழுந்தியிருக்கவில்லை. உள்ளே இருந்ததைத் தொட்டதும் வால் மட்டும் இடுக்கியோடு வந்தது. வெறும் தோல்.

உரித்த தோல் டார்ச்சில் மின்னும், புதுத்தோல் இறுகும்வரை தேள் மின்னாது. இதை ஒருநாள் அவளிடம் பெருமையாகச் சொன்னவனே அவன்தான். முந்தாநாள் படமெடுத்துவிட்டு மூடியை அரைகுறையாக வைத்திருக்கிறான். அது தோலை உரித்துப் போட்டுவிட்டு வெளியே நடந்திருக்கிறது. நேற்றும் இன்றும் அவன் எண்ணியது தோலைத்தான். நேற்று முழுக்கக் குழந்தை அந்தத் தரையில்தான் தவழ்ந்தது.

மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தாள். அவன் காமிராவை எடுக்க ஓடினான்.

"அண்ணி, தொப்பிய அசைக்காதீங்க. இந்த நெறம் நாளைக்கு இருக்காது. தொப்பியோட சேத்து எடுத்தா படம் அள்ளும்."

அவன் மேசையருகே மண்டிபோட்டுப் படமாக எடுத்துத் தள்ளினான். அவள் குழந்தையின் சட்டையைக் கழற்றி, கழுத்து மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் என்று ஒரு இடம் விடாமல் விரலால் தடவிப் பார்த்தாள். எங்கும் சிவக்கவில்லை. குழந்தை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது. காமிராவுக்குப் பின்னால் பல்லை இளித்துக்கொண்டிருந்த அந்த மூஞ்சியைப் பார்க்கப் பார்க்க, தேளே தேவலை என்று பட்டது அவளுக்கு. இத்தனை நாள் இதற்கா சாப்பாடு போட்டோம் என்றிருந்தது.

ஒருவழியாகத் தேளை டப்பாவில் விட்டு, மூடியை அழுத்தினான்.

"இப்ப சரியா பதினொண்ணு, அண்ணி."

"அடுத்து வீட்டுல இருக்குற ஆளுங்கள எண்ணு," என்றாள் அவள். "உன்ன விட்டுட்டு எண்ணு."