பெரிய கேட்டின் தாழ்ப்பாள்

அந்தச் சனிக்கிழமை மைதானத்து ஷெட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். மார்னிங் ஸ்டார் கிளப் சார்பில் பச்சைமுத்துவாகிய நானும் என் மகன் ராகேஷும். யூனிட்டி கிளப் சார்பில் டெரிக்கும் அவன் மனைவி சோனியாவும். எந்தப் பக்கமும் சேராத வாட்ச்மேன் கோவிந்தப்பா. வேறு ஒருவரும் இல்லை. நாங்களும் இருந்தோம் என்று பின்னால் பலர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அதனால்தான் பெயர்களை முதலில் எழுதிவைக்கிறேன்.

எங்கள் இரண்டு கால்பந்து கிளப்புகளும் வருஷத்துக்கு ஒருமுறை மோதும். அல்சூரிலிருந்தும் ஆஸ்டின் டவுனிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஜனம் வரும். மற்ற நாட்களில் பக்கத்துச் சின்னக் கதவு போதும். இந்த ஒரு ஆட்டத்துக்குத்தான் பெரிய கேட்டைத் திறப்போம். அந்தக் கேட் என் தாத்தா கன்டோன்மென்ட் பட்டறையில் தன் கையால் அடித்தது. சாவி எங்கள் வீட்டுச் சுவரில்தான் தொங்கும். கேட்டின் அடியில் தரைக்குள் இறங்கும் தாழ்ப்பாளை எங்கள் குடும்பத்து ஆள்தான் தூக்க வேண்டும், முதலில் மார்னிங் ஸ்டாரின் டிரம் அடித்துக்கொண்டு உள்ளே வரும், அப்புறம்தான் மற்றவர்கள். மூன்று தலைமுறையாக நடந்துவரும் முறை இது.

போன வருஷம் யூனிட்டிக்காரர்கள் டிரம்முக்கு வழிவிடாமல் கேட்டை மறித்து நின்றார்கள். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. முன்வரிசையில் நின்ற சோனியாவின் முழங்கால் கேட்டின் கம்பிகளுக்கு இடையில் மாட்டி முறிந்தது. பன்னிரண்டு நிமிஷம் கேட் ஏன் திறக்கவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிவிட்டது என்று நான் சொன்னேன். நான் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் வீட்டுப் பேச்சுக்கு அப்படி ஒரு மதிப்பு இருந்தது.

இந்த வருஷம் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இரண்டு பக்கத்து ரசிகர்களும் சேர்ந்து உட்கார்ந்தோம். கூட்டத்தைக் கூட்டியவன் ராகேஷ். பொம்மசந்திரா ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்தான். எதிரி கிளப்காரனுக்குத் தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

"ரெண்டு டீம் பசங்களும் கலந்து நிக்கணும்," என்றான் ராகேஷ். "கேட்டாண்ட ஒரு மஞ்ச சட்டை, ஒரு பச்ச சட்டை. தண்ணி கேன் ரெண்டு பேருக்கும் ஒண்ணே."

"குடுங்க குடுங்க," என்று டெரிக் சிரித்தான். "மூணு கோல் வாங்குனப்புறம் உங்களுக்குத்தான் தொண்ட காயும்."

"போன வருஷம் யாருடா வாங்குனது?" என்றான் ராகேஷ்.

"ஜகளா பேடப்பா, பேடா," என்று கன்னடத்தில் தடுத்து, கோவிந்தப்பா இருவருக்கும் நடுவில் கையை நீட்டினார். "சண்ட போடறதுக்கு நாளைக்கு கிரவுண்டு இருக்குது."

சோனியா சிரிக்கவில்லை. ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, ஒரு நோட்டில் படம் போட்டிருந்தாள். முதலில் பெண்கள், வயசானவர்கள், நடக்க முடியாதவர்கள். அவர்கள் உட்கார்ந்த பிறகு மற்ற எல்லோரும் ஒன்றாக. டிரம் கடைசியில்.

"அங்கிள், நீங்கதான் கேட்டாண்ட நிக்கணும்," என்றாள். "நீங்க நின்னா எங்க ஆளுங்ககூட தள்ளமாட்டாங்க. பயம்."

டிரம் கடைசி என்பது எனக்கு அவமானம்தான். ஆனால் அவள் மடியில் கிடந்த ஊன்றுகோலைப் பார்த்தேன். சரி என்றேன். அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னொண்ணு," என்றான் டெரிக். அவனுக்கு வெல்டிங் கடை இருக்கிறது. "அந்த இத்துப்போன தாழ்ப்பாள நாளைக்குக் காலையில வெட்டி எடுத்துட்டு புதுசு வெச்சிடறேன். அங்கிள் தாத்தா அடிச்சதுதான், இல்லேங்கல. ஆனா அதனாலதானே இவ காலு போச்சு?"

ராகேஷ் என்னைப் பார்த்தான். போன வருஷம் அவன் என் பக்கத்தில், கேட்டுக்கு உட்புறம் நின்றான். வெளியே அலறல் கேட்டதும் தாழ்ப்பாளைத் தூக்க அவன் கை போனது. "கைய எடுறா. வழிவிடட்டும், அப்புறம் தெறக்கலாம்," என்று நான் சொன்னேன். அவன் கையை எடுத்தான். அதன் பிறகு ஒரு வருஷம் நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"வெட்டட்டுமா, நைனா?" என்று கேட்டான்.

நான் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சாவி தொங்கும் சுவருக்கு எதிரே உட்கார்ந்தேன். தாத்தா அடித்த இரும்பை இத்துப்போனது என்கிறான் ஒருவன்; அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்தவன் நான். என் பெயரைக் காப்பாற்றுவதற்காக அவர் வேலையின்மீது பழி போட்டிருக்கிறேன். வெட்டி எடுத்தால் அது பழைய இரும்புக் கடைக்குப் போகும். வெட்டாதே என்றால் ஏன் என்று கேட்பார்கள். இரண்டில் எதைக் குடும்ப கௌரவம் என்பது? சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். திரும்ப மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பதினோரு மணிக்கு. ஒன்பதுக்கே கேட்டுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. மஞ்சள் சட்டையும் பச்சைச் சட்டையும் கைகோத்துக் கயிறுபோல் நின்று வரிசை பிடித்தார்கள். ஒருவன் டீமை ஒருவன் கேலி செய்துகொண்டேதான் பிடித்தார்கள். டெரிக் வெல்டிங் மெஷினை ஆட்டோவில் கொண்டுவந்து, சின்னக் கதவு வழியாக உள்ளே இறக்கியிருந்தான். ஷெட்டிலிருந்து வயர் இழுத்தாயிற்று. சோனியா பக்கத்தில் நோட்டோடு நின்றாள்.

"தள்ளிக்குங்க அங்கிள், பொறி பறக்கும்."

"இரு," என்றேன்.

பூட்டைத் திறந்தேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. குனிவது சுலபமில்லை. ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றித்தான் தாழ்ப்பாளுக்குக் கை எட்டியது. தூக்கினேன். விட்டேன். டங் என்று குழிக்குள் விழுந்தது. மறுபடி தூக்கினேன்.

டெரிக் கண்ணாடியைக் கழற்றினான். "எண்ணெ போட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப போன வருஷம்?"

"போன வருஷமும் இதே மாதிரிதான்."

கம்பிக்கு வெளியே நின்ற ராகேஷ் தோளிலிருந்த டிரம்மைக் கீழே வைத்தான். சோனியா என்னைப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று நான் எழாமல் இருந்தேன். திட்டினாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கேட்டின் ஒரு கதவைத் தானே இழுத்தாள்.

"வயசானவங்க மொதல்ல," என்று வெளியே பார்த்துக் கத்தினாள். "மெல்ல வாங்க, மெல்ல."

ஊன்றுகோல் பதிந்த குழிகள் என் முழங்காலுக்கு எதிரே மண்ணில் இருந்தன. அவற்றின்மேல் இரண்டு கிளப் ஜனங்களின் கால்களும் ஏறிப் போயின.

கம்பிக்கு வெளியே நின்றவர்கள் பார்த்ததை வைத்து இப்போது மர்ஃபி டவுன் வரை ஒரு பேச்சு நடக்கிறது, பச்சைமுத்து சோனியா காலில் விழுந்தான் என்று. அது பொய். நான் யார் காலிலும் விழவில்லை. தாழ்ப்பாளை எடுக்கக் குனிந்தேன். ஒற்றை விரலுக்கே அது வந்தது.