பின்பாதி

"அந்தச் சாய்வு நாற்காலியைத் தூக்கி வெளியே போடுங்கப்பா, கூடத்துல நிக்க இடமில்ல" என்று நாத்தனார் சொல்ல, இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். நாத்தனாரின் தம்பி, அதாவது இவள் புருஷன், மத்தியானம் அதில் உட்கார்ந்தபடியேதான் இறந்துபோயிருந்தார். இப்போது கூடத்தின் நடுவில் கட்டிலில் கழுத்துவரை போர்த்திக் கிடந்தார். வெளியூரிலிருந்து மகள் வந்து சேர்ந்ததும் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வண்டி வரும்.

"அது இருக்கட்டும் அண்ணி" என்றாள் இவள்.

நாற்காலியை விட்டுவிட்டார்கள். நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே இவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். கண் காய்ந்துதான் இருந்தது.

"அழுதுடும்மா. நெஞ்சுக்குள்ள வச்சுக்காத."

இவளும் அழ முயன்றுதான் பார்த்தாள். வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றியது மாதிரி, தான் அங்கே இருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை.

இத்தனைக்கும் அழுகையில் இவள் சளைத்தவள் இல்லை. போன வருஷம் ஒரு குதிரைக்காக அழுது கண்ணிரண்டும் வீங்கிப்போயிற்று. தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்த பெண் பதறிப்போய், "யாருக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். "குதிரை போயிடுச்சுங்க" என்று இவள் விம்ம, அந்தப் பெண் லாயம் எங்கே என்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

குதிரை கதையில் வருவது. ராஜ்ஜியம், மந்திரவாதி, பறக்கும் நாகம், ஒற்றைக் கையோடு போர் செய்யும் தளபதி என்று தலையணை கனத்தில் பாகம் பாகமாக வரும் நாவல். புருஷனும் பெண்டாட்டியும் அதில் விழுந்து கிடந்தார்கள். ஒரு புத்தகத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டு சலித்துப்போய், லிஃப்ட் மெக்கானிக்கான அவர் ஒருநாள் தன் கருவிப் பெட்டியிலிருந்து இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்துப் புத்தகத்தை நடுமுதுகில் இரண்டாக அறுத்தார். வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை இரண்டு பாதிக்கும் ஒட்டினார். அதிலிருந்து ஒவ்வொரு பாகத்துக்கும் அதே கதிதான். அவர் பின்பாதிக்குப் போன பிறகு முன்பாதி இவள் கைக்கு வரும்.

ஒரே சிக்கல், அவர் முகம். வரப்போவதையெல்லாம் நோட்டீஸ் ஒட்டிய மாதிரி காட்டிவிடும். குதிரை சாகப்போவதும் அப்படித்தான் முன்கூட்டியே தெரிந்து தொலைந்தது. அதனால் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. அவர் படிக்கும்போது இவள் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, எதுவும் கேட்கவும் கூடாது. கூடத்தைக் கடக்கும்போது முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு போவாள். பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள். இருவருக்கும் அது பிடித்திருந்தது.

இன்று மத்தியானம் இவள் டீ கொண்டுபோனாள். மடியில் புத்தகத்தின் பின்பாதி விரிந்திருந்தது. வலது கட்டைவிரலுக்கு அடியில் கொஞ்சம் தாள்தான் மிச்சம். இடது கை நெஞ்சில். கண் நிறைந்து, உதடு கோணியிருந்தது. இவளைக் கண்டதும் நெஞ்சிலிருந்த கையைத் தூக்கினார்.

"ஐயையோ, சொல்லாதீங்க! தளபதி செத்துட்டானா? வேணாம், வாயே திறக்காதீங்க."

சிரித்துக்கொண்டே டம்ளரை முக்காலியில் வைத்து, முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடிவந்து தையல் மெஷினில் உட்கார்ந்தாள். தைக்க வேண்டிய பாவாடை ஓரம் நீளமானது. மெஷின் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. டம்ளரை எடுக்கத் திரும்பிப் போனபோது டீயில் ஆடை படிந்திருந்தது.

"வலிக்குதுன்னு ஏதாவது சொன்னாரா?" என்று வந்து பார்த்த டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல."

பொய்யில்லை. சொல்ல இவள் விடவில்லை.

அப்போதிருந்து இவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அது கதைக்காக அழுத முகமா, தன்னைக் கூப்பிட்ட முகமா. தளபதி செத்திருந்தால் போதும். அவன் செத்திருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள்.

"அண்ணி, அவர் மடியில இருந்த புத்தகம் எங்க?"

"மூடி அலமாரியில வச்சேன். ஏன்?"

"எந்தப் பக்கம் விரிஞ்சிருந்துச்சு?"

"பக்கத்தையா பார்த்துட்டிருந்தேன்? என் தம்பி கிடந்த கிடையில..." நாத்தனார் உடைந்து அழுதாள்.

இவள் பின்பாதியை எடுத்துவந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மிச்சமிருந்த கனத்தைக் கட்டைவிரலால் அளந்து, சந்தேகத்துக்கு இன்னும் கொஞ்சம் தாள் சேர்த்து, அங்கிருந்து படித்தாள். நடுவே நடந்ததெல்லாம் இவள் படிக்காதது. யார் எப்படி அங்கே வந்தார்கள் என்று புரியவில்லை. புரியவும் வேண்டாம், ஆள் சாகிற இடம் வந்தால் போதும். கோட்டைக் கதவு திறந்தது. கைதிகளை அவிழ்த்துவிட்டார்கள். தளபதி அடுப்பு மூட்டத் தெரியாமல் புகையில் இருமினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மகள் வந்தாள். அப்பா மேல் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"இந்த நேரத்துல புத்தகம் படிக்கிறா. என்னன்னு கேளு" என்றாள் நாத்தனார்.

"விடுங்க அத்தை. அப்பாவுக்காகப் படிக்கிறாங்க."

இவள் கடைசித் தாளைத் திருப்பினாள். பின்னட்டை வந்துவிட்டது. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"முடிச்சிட்டியாம்மா?"

"ம்."

"அந்த ஒத்தக்கைத் தளபதி என்ன ஆனான்? அப்பா போன்ல எப்பவும் அவன் கதைதான்."

"ஊருக்கு வந்துட்டான்."

"சாகலையா?"

"யாரும் சாகல. எல்லாரும் வீடு வந்து சேர்ந்துட்டாங்க."

"நல்லவேளை" என்று மகள் கண்ணைத் துடைத்தாள். "அப்பா சந்தோஷமாத்தான் படிச்சிட்டு இருந்திருப்பாரு."

இவள் புத்தகத்தைத் திரும்ப விரித்தாள். மறுபடி அதே இடத்துக்குப் போய், எங்காவது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தாள்.