எங்கள் தரை, அவளுடைய கூரை

சொந்த வீடு என்று வாய் நிறையச் சொல்வதில் என் கணவர் மெர்வினுக்கு அலாதி சுகம். இங்கிலாந்தில், வொர்திங் கடற்கரைக்குப் பின்தெருவில், விக்டோரியா ராணி காலத்துப் பெரிய வீடு ஒன்றை ஐந்து துண்டாக வெட்டி ஃப்ளாட் ஆக்கியிருந்தார்கள். அதில் முதல் மாடி எங்களுடையது. எங்களுடையது என்று சொல்கிறேனே தவிர, நாங்கள் காசு கொடுத்து வாங்கியது வருடங்களைத்தான். கட்டடமும் அது நிற்கிற மண்ணும் லண்டனில் இருந்த ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அவர்களுடையது ஃப்ரீஹோல்டு, எங்களுடையது லீஸ்ஹோல்டு, அதாவது நீண்ட குத்தகை. மண்ணுக்கு வருடாவருடம் வாடகை கட்ட வேண்டும். லீஸில் மிச்சமுள்ள வருடங்கள் குறையக் குறைய ஃப்ளாட்டின் விலையும் இறங்கும். ஆணி அடிப்பதற்கு மேல் எது செய்தாலும் அனுமதி கேட்க வேண்டும், கேட்பதற்கே கட்டணம் உண்டு. இங்கே பாதிப் பேருக்கு இதெல்லாம் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைக்கும். மெர்வினுக்கு அப்போதும் உறைக்கவில்லை. லீஸ் பத்திரம் சமையலறை அலமாரியில் வாணலிகளுக்குப் பின்னால் கிடந்தது.

சமையலறை அலமாரி விற்கும் கடையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றதும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. யாரோ ஒரு நண்பர் வீட்டில் பழைய மரப்பலகைத் தரையைப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் கம்பளத்தைச் சுருட்டிக் குப்பைக்கு அனுப்பினார். அதன் அடியில் இருந்த தடித்த மெத்தை விரிப்பையும் பிய்த்து எறிந்தார். பலகைகளைத் தேய்த்து வார்னிஷ் பூசினார். தேன் நிறத்தில் தரை மின்னியது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் மெர்வின் காலையில் மாட்டிய தோல் ஷூவைப் படுக்கப் போகும்போதுதான் கழற்றுகிற மனிதர்.

எங்களுக்குக் கீழே தரைத்தளத்தில் க்ளெண்டா. பஸ் ஓட்டுகிறவள். விடியுமுன் கிளம்பும் முதல் பஸ் அவளுடையது, அதனால் சாயங்காலமே படுத்துவிடுவாள். தரை மெருகேறிய வாரமே எலுமிச்சை கேக் ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க மெர்வின். சாயங்காலத்துல ஷூவ மட்டும் கழட்டிட்டு நடந்தீங்கன்னா எனக்குப் பெரிய உதவியா இருக்கும்."

"இதப் பாருங்க க்ளெண்டா, நான் என்ன வாடகைக்கா இருக்கேன்? இது என் வீடு. என் வீட்டுக்குள்ள நான் ஷூ போட்டும் நடப்பேன், குதிரை மேல ஏறியும் போவேன்."

நகைச்சுவை என்று நினைத்து அவர் சிரித்தார். க்ளெண்டாவும் மரியாதைக்குச் சிரித்தாள். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். கேக்கை நாங்கள் சாப்பிட்டோம்.

கொஞ்ச நாளில் கீழேயிருந்து ரேடியோ கேட்க ஆரம்பித்தது. அமைதியாக இருக்கும், திடீரென்று சத்தம் ஏறும், பிறகு இறங்கும். மெர்வின் குதிகாலால் தரையை ஓங்கி மிதிப்பார். "ஷூ சத்தம் மட்டும் ஆகாது அம்மாவுக்கு, ரேடியோவ அலற விடலாம். என்ன நியாயம் லின் இது?" நானும் ஆமாம் போட்டேன்.

இந்த நிலையில் மேல் மாடி டெஸ்மண்டின் ஜன்னல் ஒழுகியது. டெஸ்மண்ட் ஓய்வுபெற்ற தபால்காரர், தனிக்கட்டை, ஒரு காது மந்தம். ஜன்னலை மாற்ற அனுமதி கேட்டவருக்கு லண்டன் கம்பெனி முதலில் கட்டண ரசீதைத்தான் அனுப்பியது. மெர்வினுக்கு வந்ததே கோபம். ஒழுகிய ஜன்னலுக்காக இல்லை, தன் வீட்டுக்கு மேல் இன்னொருவன் எஜமான் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. எல்லோரும் சேர்ந்து ஃப்ரீஹோல்டை வாங்கிவிடுவோம் என்று கிளம்பினார். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, ஆனால் பாதிக்குக் குறையாமல் ஃப்ளாட்டுகள் சேர வேண்டும். பின்பக்கத்து இரண்டுக்கும் சொந்தக்காரன் ஸ்பெயினில் இருந்தபடி முடியாது என்றான். மிச்சம் நாங்கள், டெஸ்மண்ட், க்ளெண்டா. அவள் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.

மெர்வின் ஒயின் பாட்டிலோடு கீழே போனார். நமக்கு நாமே ராஜா, இனி எவனிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று அரை மணி பேசிவிட்டு மேலே வந்தார். வந்ததும் சோபாவில் சாய்ந்தபடி என்னிடம் சொன்னார்: "யோசிச்சு சொல்றாளாம். அவ கையெழுத்து ஒண்ணுதான் வேணும். வாங்கி முடிச்சிட்டா அந்த பஸ்காரி மூஞ்சியையே பாக்க வேண்டாம்." நான் சிரித்தேன். பெரிதாகச் சிரிக்கவில்லை, ஆனாலும் சிரித்தேன்.

மறுநாள் க்ளெண்டா கையெழுத்துப் போட்டாள். கார் மாற்றச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துப் போட்டாள். வக்கீல், மதிப்பீட்டாளர் என்று அலைந்து ஒருவழியாக முடிந்தது. மூன்று வீட்டுக்காரர்களும் பங்குதாரர்களாக ஒரு சின்னக் கம்பெனி, அந்தக் கம்பெனிக்கு மண்ணும் கட்டடமும் சொந்தம். மெர்வின் இயக்குநர். டைப் அடிக்கத் தெரிந்தவள் என்பதால் நான் செயலாளர். அன்று மாடிப்படியில் நின்று எல்லோரும் குடித்தோம்.

"இனிமே எனக்கு மேல கடவுள் மட்டும்தான்!" என்றார் மெர்வின்.

"உனக்கு மேல நான்தான்பா இருக்கேன்," என்றார் டெஸ்மண்ட்.

முதல் கூட்டம் எங்கள் வரவேற்பறையில், அந்தத் தேன் நிறத் தரையின் மேல் நடந்தது. தன் விஷயம் ஒன்றைப் பேச வேண்டும் என்று க்ளெண்டா முன்னமே சொல்லியிருந்தாள். அது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வாணலிகளுக்குப் பின்னாலிருந்து லீஸை எடுத்து, இத்தனை வருடத்தில் முதல் முறையாகப் படித்திருந்தேன். படித்ததை மெர்வினிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

க்ளெண்டா கைகளை மடியில் கோத்துக்கொண்டு பேசினாள். "பழைய கம்பெனிக்கு எழுதிப் பாத்தேன். நடவடிக்கை எடுக்கிறோம், செலவ நீங்க ஏத்துக்கங்கன்னு பதில் போட்டாங்க. அதனால விட்டுட்டேன். ஆனா போன மாசம் சிக்னல்ல நிக்கும்போது கண்ணு சொருகிருச்சு. பின்னாடி பூரா ஸ்கூல் பிள்ளைங்க. நானே டிப்போவுல போய்ச் சொல்லிட்டேன். ஓட்ட வேண்டாம்னு உக்கார வச்சிருக்காங்க. தூக்கம் சரியாகலன்னா பஸ்ஸ மறந்துர வேண்டியதுதான். எனக்கு வேற வேலை தெரியாது."

மெர்வின் பெருந்தன்மையாகச் சிரித்தார். "கஷ்டம்தான் க்ளெண்டா. ஆனா யாரு யாரக் கேக்க முடியும்? ஃப்ரீஹோல்டு வாங்கியாச்சு. லீஸ் செத்துப்போச்சு. அவங்கவங்க வீடு அவங்கவங்களுக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளர் அல்லவா.

"சாகல மெர்வின்," என்றேன். "லீஸ் அப்படியேதான் இருக்கு. மண்ணுக்குச் சொந்தக்காரன்தான் மாறியிருக்கான். முன்னாடி லண்டன்காரன், இப்ப நம்ம கம்பெனி. நாம இன்னும் குத்தகைக்காரங்கதான். சமையலறை, குளியலறை தவிர எல்லா ரூம்லயும் மெத்தை விரிப்பு போட்டு கம்பளம் விரிக்கணும்னு அதுல எழுதியிருக்கு. நீ தூக்கி எறிஞ்சதுக்கு அனுமதியும் கேக்கல."

"அப்ப நான் சொந்தக்காரனா, குடித்தனக்காரனா?"

"ரெண்டும்தான்பா," என்றார் டெஸ்மண்ட். "வேணும்னா உன் மேல நீயே கேஸ் போடு."

மெர்வினின் கழுத்து சிவந்தது. பொண்டாட்டியே காலை வாரிவிட்டாள் என்ற கோபம். "அப்படி என்ன பெரிய சத்தம்? எல்லாரும் கீழ போங்க. நான் எப்பவும் போல நடக்கிறேன். கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

இறங்கிப் போனோம். க்ளெண்டாவின் வரவேற்பறைக்குள் நான் காலெடுத்து வைத்தது அன்றுதான். சோபாவில் டெஸ்மண்டும் நானும், எதிர் நாற்காலியில் அவள். தலைக்கு மேலே மெர்வின் நடந்தார். யாரோ பெட்டி பெட்டியாக இறக்கிப் போடுவது போல இருந்தது. ஜன்னல் பக்கம் போகிறார், திரும்புகிறார், கதவருகில் நிற்கிறார் என்று ஒவ்வொன்றும் தெரிந்தது. போதும், மேலே போய்ச் சொல்லிவிடலாம் என்று நான் எழுந்தபோது அவருடைய போன் அடித்தது. அவர் தம்பி.

"ஆமாடா, அந்த மீட்டிங்தான். கம்பளம் போடணுமாம் மகாராணிக்கு. தூக்கம் வரலையாம். புருஷன் விட்டுட்டு ஓடினவளுக்கு எங்கேர்ந்துடா தூக்கம் வரும்?"

ஒரு வார்த்தை தப்பாமல் பலகை இடுக்கு வழியாக இறங்கி வந்தது. ஒரு காது மந்தமான டெஸ்மண்டே குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். எனக்கு முகம் பற்றி எரிந்தது. அந்த சோபா அப்படியே என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

க்ளெண்டா என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய் அலமாரி மேலிருந்த ரேடியோவைப் போட்டாள். சத்தத்தைக் கூட்டினாள், மேலே மெர்வினின் குரல் கரைந்து போகும் அளவுக்கு, அதற்கு மேல் இல்லை. வைக்க வேண்டிய இடம் அவள் விரலுக்குப் பழகியிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவ்வளவு நாளும் ரேடியோ திடீர் திடீரென்று ஏறியது எங்களைத் தொந்தரவு செய்ய அல்ல.

"டீ போடவா லினெட்?"

"எவ்வளவு நாளா இப்படிக் கேக்குது?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"காது குடுக்க மாட்டேன். ரேடியோ போட்டுருவேன். உங்க வீட்டுப் பேச்சு எனக்கு எதுக்கு?"

ஒயின் பாட்டில் ஞாபகம் வந்தது. நான் சிரித்த சிரிப்பும் ஞாபகம் வந்தது. "கையெழுத்து கேட்டு மெர்வின் வந்துட்டுப் போன அன்னிக்கு..."

"அன்னிக்கு ரேடியோ போடக் கொஞ்சம் லேட்டாயிருச்சு," என்றாள்.

"அதுக்கப்புறமும் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"டெஸ்மண்டுக்கு ஜன்னல் ஒழுகுது. என் லீஸும்தான் கரையுது. உங்க மேல கோவப்பட்டு என் வீட்ட நான் ஏன் கரைய விடணும்?" கெட்டிலைப் போடச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

டீ குடிக்க எனக்கு முகமில்லை. மேலே வந்தேன். மெர்வின் அறை நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்ன, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எது? நான் நடந்ததா?"

"எல்லாம். உன் தம்பிகிட்ட பேசினதும். டெஸ்மண்டுக்கும் கேட்டுச்சு. அவ ரேடியோ போடுறது எதுக்கு தெரியுமா மெர்வின்? நாம அசிங்கமா பேசுறது தன் காதுல விழக் கூடாதுன்னு. நாம பேசினது நம்ம பக்கத்துலேயே இருக்கட்டும்னு." ஒயின் பாட்டிலோடு அவர் போய் வந்த அன்று நடந்ததையும் சொன்னேன்.

அவர் தரையைப் பார்த்தார். சோபாவில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். ஒவ்வொரு ஷூவையும் முட்டையை வைப்பது போலத் தரையில் வைத்தார். "நான் என்ன பண்றது லின்?" என்று கேட்டார், கிசுகிசுப்பாக. கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டுக்குள் குரலைத் தாழ்த்தி நான் கேட்டதில்லை.

முறைப்படி கடிதம் போக வேண்டும் என்றார் டெஸ்மண்ட், கண்ணில் குறும்போடு. நிலத்தின் சொந்தக்காரரிடமிருந்து முதல் மாடிக் குத்தகைக்காரருக்கு: உடனடியாகக் கம்பளம் விரிக்கவும். நான் டைப் அடித்தேன். இயக்குநர் என்ற இடத்தில் மெர்வின் கையெழுத்திட்டார். பெறுநர் என்ற இடத்திலும் அவர் பெயர்தான். சிரிக்கலாம் என்று பார்த்தேன், இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கம்பளக்காரர்கள் வந்து, தேன் நிறத்தை மூடிவிட்டுப் போனார்கள். கீழே ரேடியோ நின்றுபோனது. அதன் பிறகும் நாங்கள் மெதுவாகத்தான் பேசினோம். மெர்வின் பலமுறை படியிறங்குவார், அவள் கதவுக்கு முன் நிற்பார், திரும்பி வந்துவிடுவார். ஒருமுறை கடையில் வாங்கிய கேக்கோடு போய், கேக்கோடு திரும்பினார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை மருத்துவமனைக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நின்றோம். வந்து நின்ற பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கையில் க்ளெண்டா. டிப்போவில் மறுபடி ஓட்ட விட்டிருந்தார்கள். "அடுத்ததுல போலாம் லின்," என்று மெர்வின் பின்வாங்கினார். கதவு திறந்தது.

"நனையாதீங்க, ஏறுங்க," என்றாள். அவர் முதியோர் பாஸைக் காட்டியபடி எங்கோ பார்த்துக்கொண்டு ஏறினார். வழியெல்லாம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எங்கள் ஊரில் இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள். மெர்வின் மட்டும் சொல்ல மாட்டார். சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எதற்கு நன்றி என்பார். அன்று எங்கள் நிறுத்தம் வந்தபோது அவளருகில் போய் நின்றுவிட்டார். பின்னால் வரிசை சேர்ந்தது.  பிறகு, ஒட்டி நின்ற எனக்கே சரியாக விழாத குரலில், "மன்னிச்சிருங்க க்ளெண்டா" என்றார்.

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேட்டுச்சு மெர்வின். நீங்க சொல்றது எனக்கு எப்பவும் கேக்கும்."

குடையை விரிக்க மறந்து மழையிலேயே இறங்கினோம்.