குறுங்கையனின் பன்னிரண்டாவது நோட்டு

எதெல்வினா உருத்தியா அந்த நோட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்ததுமே, சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை. ஐந்து பேசோ, சான் ஹசிந்தோ சுரங்க வங்கி, வருஷம் 1883. கீழே காசாளரின் கையெழுத்து, பாதியில் யாரோ கூப்பிட்டு எழுந்து போனவர் போட்டதுபோல அறுந்து நின்றது. "நம்ம குறுங்கையன்" என்று முணுமுணுத்தார் சங்கத் தலைவரான பல் மருத்துவர். சான் லூயிஸ் பொத்தோசியில் பழைய நோட்டு சேர்ப்பவர்கள் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை செருப்புக் கடைக்கு மேலிருக்கும் அந்த அறையில் கூடுவார்கள். அங்கே குறுங்கையனைத் தெரியாதவர்கள் கிடையாது.

அந்தப் போலிக்காரனுக்குப் பெயர் வைத்தவரே, சங்கத்தில் அசலா போலியா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் எலூதேரியோதான். சான் ஹசிந்தோ வங்கியின் தாள்கள் நியூயார்க்கில் அச்சாகிக் கப்பலில் வந்தவை. வந்தபோது வெறும் தாள்கள். காசாளர் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் மையால் கையெழுத்துப் போட்டால்தான் பணம். சுரங்கத்தில் தண்ணீர் ஏறி வங்கி இரண்டே வருஷத்தில் இழுத்து மூடப்பட்டபோது கையெழுத்தில்லாத கட்டுகள் ஏகப்பட்டவை மிஞ்சின. வெல்லம் கட்டிக் கொடுக்கக்கூட அவற்றைக் கிழித்தார்கள். கையெழுத்துள்ளதோ அபூர்வம். ஆகவே வெறும் தாளில் கையெழுத்தைப் போட்டு அசல் என்று தள்ளிவிடும் களவாணித்தனம் இந்தத் தொழிலோடு கூடப் பிறந்தது. எலூதேரியோ முப்பது வருஷத்துக்கு முன் சந்தையில் ஒரு நோட்டைக் கண்டெடுத்தார். அதன் கையெழுத்தைப் பத்திரப் பதிவேட்டில் காசாளர் போட்டிருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டார். சுழி சுழியாக, வாலும் கொண்டையுமாக, அச்சு அசலாக ஒத்துப்போனது. அந்தப் படம் அவர் புத்தகத்தின் முதல் பக்கம் ஏறியது. அதற்குப் பிறகு வந்த பதினொரு நோட்டுகளிலும் பாதிக் கையெழுத்துதான் இருந்தது. எல்லாம் ஒரே போலிக்காரனின் கைவேலை என்று முடிவுகட்டி, அவனுக்குக் குறுங்கையன் என்று பெயர் சூட்டி, ஒரு அத்தியாயமே எழுதினார். புத்தகத்தில் எல்லோரும் விரும்பிப் படித்தது அந்த அத்தியாயத்தைத்தான்.

எதெல்வினாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட ரவிக்கை, பேருந்தில் வந்த களைப்பு. தலைநகரத்து ஏலக்காரர்கள் எலூதேரியோவின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, போலி என்று நோட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவள் அவரை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"என் தம்பிங்க ரெண்டு பேரும் உங்க புத்தகத்தக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா நீட்டுறாங்க ஐயா. அசல வித்துட்டு இதக் கொண்டாந்து வெச்சுட்டேனாம். அம்மா படுக்கையில கெடந்த ஒம்பது வருஷமும் பெட்டிச் சாவி என்கிட்டதான இருந்துச்சு. நான் எடுக்கலன்னு எப்படிச் சொல்றது? நீங்க ஒரு வார்த்த சொன்னா அவங்க வாய மூடுவாங்க."

நோட்டு இதற்குள்தான் மடித்திருந்தது என்று ஒரு கடிதத்தையும் நீட்டினாள். பூட்டன் எழுதியதாம், அவர் அந்த வங்கியில்தான் வேலை பார்த்தாராம். எழுத்து புரியாததால் வீட்டில் யாரும் அதைப் படித்ததில்லை. மற்றவர்கள் காபிக்கு எழுந்துபோக, எலூதேரியோ கடமைக்கு அதைப் பிரித்தார். பழைய கையெழுத்துகள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வங்கியின் முத்திரைத் தாள், அதே பழுப்பு மை. காசாளர் அன்செல்மோ உருத்தியா மனைவிக்கு எழுதியிருந்தார்: இன்று மட்டும் நானூறு தாளில் கையெழுத்துப் போட்டேன், மணிக்கட்டு வீங்கிவிட்டது. மேலாளரிடம் கெஞ்சியதில், இனிமேல் பெயரில் பாதி போட்டால் போதும் என்று சொல்லிவிட்டார். கடிதத்தின் அடியிலும் அந்தப் பாதிக் கையெழுத்துதான் இருந்தது.

எலூதேரியோ அதை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை படிக்கத் தெம்பில்லை. பத்திரப் பதிவேட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை நிதானமாகப் போடும் கையெழுத்தை நானூறு தாளில் எந்த மனுஷன் போடுவான்? பார்த்துப் பார்த்து வரைந்த போலிக்காரன்தான் போடுவான். முதல் பக்கத்தில் அசல் என்று ஏறியிருப்பது அவன் வரைந்தது; பாதிக் கையெழுத்துகள்தான் அசல். குறுங்கையன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை. இதை ஒரு குழந்தைகூடக் கேட்டிருக்கும், தனக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தபோது அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது.

வெட்கத்தோடு போயிருந்தால் தேவலை. சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. போலி என்று தீர்ப்பான நோட்டை அந்த இடத்திலேயே எந்திரத்தில் வைத்து, 'போலி' என்ற சொல்லை ஊசித் துளைகளாகக் குத்திவிடுவார்கள், வெளியே போய் இன்னொருவரை ஏமாற்றாமலிருக்க. அதற்குச் சம்மதம் என்று கொண்டுவந்தவர் முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். எதெல்வினாவும் படியேறி வந்த உடனே எழுதிக் கொடுத்திருந்தாள். பதினொரு நோட்டுகள் அப்படித் துளைபட்டிருந்தன. அவற்றில் ஒன்று நிகானோருடையது.

நிகானோர் அவருடைய சிறுவயதுச் சிநேகிதர், ஆணிக்கடைக்காரர். சுரங்கத்தில் வேலை செய்த தாத்தாவின் நோட்டு அது. எலூதேரியோ போலி என்றபோது மறுபேச்சுப் பேசவில்லை. துளைபட்ட தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டி, எங்க தாத்தாவையே ஏமாத்தினவன் இவன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அன்றிலிருந்து எந்திரத்தின் பிடியை இழுக்கும் வேலையையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அடிபட்டவன் கை மெதுவாக இருக்கும் என்பது அவர் கட்சி.

எலூதேரியோ ஒரு மாதம் அவகாசம் கேட்டார். பல் மருத்துவர் ஆச்சரியமாகப் பார்த்தார். நோட்டு வீட்டுக்குப் போனால் வேறொன்றை மாற்றிக் கொண்டுவருவார்கள், ஆகவே அன்றைக்கு வந்ததற்கு அன்றைக்கே தீர்ப்பு என்று விதி எழுதியது எலூதேரியோவேதான். சொந்த விதி, சொந்தப் புத்தகம், சொந்தச் சிநேகிதன். எந்தப் பக்கம் திரும்பினாலும் தானே கட்டிய சுவரில் தலை இடித்தது. அசல் என்று சொல்லிவிடலாம். பிறகு அந்தப் பதினொன்றுக்கு என்ன சொல்வது? போலி என்றால் ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடும். இந்தப் பெண்பிள்ளை திருடி என்ற பெயரோடு பேருந்து ஏறிப் போவாள். அதற்குத் தன் மனசு ஒத்துக்கொள்ளும்போல இருந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது.

"என்னய்யா இவ்ளோ யோசன?" என்று நிகானோர் காபிக் கோப்பையை வைத்துவிட்டு வந்தார். "நம்ம ஆளோட பன்னெண்டாவது பிள்ளதான இது? அந்தம்மா ஊருக்குப் போக வேணாமா?"

எலூதேரியோ பேசாமலிருந்தார். போலி என்றால் அவர் வழக்கமாகப் பேசுவதே இல்லை, பேசாமல் நோட்டை நிகானோர் பக்கம் தள்ளிவிடுவார். அந்தப் பழக்கத்தில் நிகானோர் தானே நோட்டை எடுத்தார். எந்திரத்தின் வாயில் செருகி, ஓரம் மடங்காமல் நீவிவிட்டார். எதெல்வினாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் அழவில்லை. கைப்பையை மூடி, கொக்கியை மாட்டிக்கொண்டாள்.

"எடுக்கல ஐயா" என்றாள், யாரையும் பார்க்காமல். "சத்தியமா நான் எடுக்கல."

நிகானோர் பிடியில் கை வைத்தார். எலூதேரியோவின் வலது கை மேசையைத் தாண்டிப் போய், ஊசிகளுக்கும் நோட்டுக்கும் நடுவே விழுந்தது. அவர் யோசித்துச் செய்ததல்ல அது.

"கைய எடுய்யா. குத்திடப் போவுது."

கை அங்கேயே இருந்தது. நிகானோர் சிநேகிதனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் இதுவரை பார்த்திராத எதையோ கண்டவராக, மேசையில் விரிந்து கிடந்த கடிதத்தின் மேல் குனிந்தார். அன்செல்மோவின் பொடி எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு கை பிடியிலேயே இருக்க, மறு கையால் மூக்குக்கண்ணாடிக்காகச் சட்டைப்பையைத் தடவினார்.