ஜூலை மாத டேப்

1974 அக்டோபர் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணியிலிருந்து சென்னையில் நாற்பத்திரண்டு ஆண்கள் மேல் மழை படாமல் போயிற்று. அது மழை குறைந்த வருஷம். அதனால் விஷயம் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஈக்காட்டுத்தாங்கல் டீக்கடை வாசலில் மழை பிடித்தபோது மற்றவர்கள் கூரைக்கு ஓடினார்கள். பட்டறை ஆட்கள் ஐந்து பேர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்கள், சட்டை நனையவில்லை. "மேகத்துக்கு நம்ம மேல இன்னா கோவம் நைனா?" என்று பீர் முஹம்மது கேட்டான். கூட நின்ற கனகராஜ் கையை நீட்டிப் பார்த்தான். துளிகள் விரலுக்கு ஓர் அங்குலம் மேலே வந்து விலகிப் போயின. குழாய்த் தண்ணீர் பட்டது. கிணற்றுத் தண்ணீர் பட்டது. மழைதான் படவில்லை.

காரணம் கனகராஜின் மனைவி சுலோச்சனாவுக்குத் தெரியும். தி.நகரில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் டேப் அறை அவள் பொறுப்பில் இருந்தது. பட்டறையின் ஆள் பதிவேடு மாதம் ஒருமுறை அங்கே டேப்பில் ஏறும். கடைசி மூன்று மாத டேப்புகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. புதியது மகன், அடுத்தது அப்பன், பழையது தாத்தா. நான்காவது மாதம் பிறந்ததும் தாத்தாவை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதுவார்கள். ஏழு வருஷமாக மாதம் தவறாமல் தாத்தாக்களை எடுத்துக் கொடுத்தவள் அவள். ஒன்றையும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஜூலைக் கடைசியில் பட்டறை நாற்பத்திரண்டு பேரை வெளியே நிறுத்தியது. கனகராஜ் அங்கே பதினோரு வருஷம் கடைசல் பிடித்தவன். இவர்கள் எங்கள் ஆட்களே அல்ல, எப்போதும் இருந்ததில்லை என்று நிர்வாகம் சொன்னது. காகிதப் பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டதாம். ஆகஸ்ட் டேப்பில் அவர்கள் பெயர் இல்லை. ஜூலை டேப்பில் இருந்தது. அதில் மட்டும்தான் இருந்தது. அவர்கள் போட்ட வழக்கில் விசாரணை அக்டோபர் பதினாலு. அன்று டேப்பை வரவழைக்க மனுப் போடுவதாக வக்கீல் சொல்லியிருந்தார். விதிப்படி அது முதல் தேதியே அழிய வேண்டும்.

டேப்பின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். மோதிரம் என்பார்கள். மோதிரம் இருந்தால்தான் இயந்திரம் எழுதும், அழிக்கும். கழற்றிவிட்டால் படிக்க மட்டும் செய்யும். சுலோச்சனா ஜூலை டேப்பின் மோதிரத்தைக் கழற்றினாள். ஆனால் டிராயரில் அதே மாதிரி நூறு மோதிரங்கள் கிடந்தன. ஆகவே இயந்திரத்தை ஓட்டும் கருணாகரனிடமும் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவன் தவறான டேப்பை அழித்தபோது, தான்தான் மாற்றிக் கொடுத்ததாகச் சொல்லி மெமோவை வாங்கிக்கொண்டவள் அவள். "பதினாலு நாள்தானேக்கா. புதுசா ஒரு டேப்ல எழுதிக்கறேன். நீ கவலைய வுடு" என்றான் அவன்.

முதல் தேதி காலை மேனேஜர் அவளை அடையாறுக்கு ஒரு டேப் பெட்டியோடு அனுப்பினார். ஒரு மணிக்குத் திரும்பியபோது அழிப்புப் பதிவேட்டில் கருணாகரனின் கையெழுத்து இருந்தது. ஜூலை. 11.15.

"மோதிரத்தப் போட்டது யாரு?"

"ரூல்ல மூணுன்னா மூணுதான்க்கா. நான் இன்னா பண்ணட்டும்?"

"ரூல நான் உனக்குச் சொல்லிக் குடுத்தேன். கை யாருதுன்னு கேக்கறேன்."

அவன் இயந்திரத்தின் கண்ணாடிக் கதவைத் துடைத்தான். "மேனேஜருக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா."

"யார் சொல்லி?"

அவன் சாப்பிடப் போனான். அடுத்த மாதம் சீனியர் ஆபரேட்டர் ஆனான்.

பதினாலாம் தேதி நல்ல மழை. வக்கீல்கள் நனைந்து வந்தார்கள், நீதிபதியே நனைந்துதான் வந்தார். நாற்பத்திரண்டு பேரும் திறந்த முற்றத்தைக் கடந்து உலர்ந்த வேட்டியோடு வந்து நின்றார்கள். நிர்வாகம் அழிப்புப் பதிவேட்டைக் காட்டியது. தேதி சரி, நேரம் சரி, விதி சரி. மனுதாரர்கள் நின்ற பக்கம் தரை ஈரமில்லை என்று குமாஸ்தா குறித்துக்கொண்டார். வழக்கு தள்ளுபடியானது.

அன்று சாயங்காலம் சுலோச்சனா மோதிரத்தைக் கழற்றியதைச் சொன்னாள். கனகராஜ் ஒரு கேள்விதான் கேட்டான். "மோதிரத்தக் கழட்டினது வேற யாருக்குத் தெரியும் சுலோ?"

"கருணாகரனுக்கு."

"எங்கிட்ட கூடச் சொல்லலியே நீ."

மேற்கு மாம்பலத்தில் அவன் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்தான். மழை நாட்களில் தெருக்காரர்கள் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளையும் ரேஷன் சர்க்கரையையும் அவனை மார்போடு அணைத்து எடுத்துவரச் சொன்னார்கள், பை நனைவதில்லை. எழுபத்தாறுக்குள் இது யாருக்கும் அதிசயமாக இல்லை. சுலோச்சனா அதே டேப் அறையில் தாத்தாக்களை எடுத்துக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டவன் கருணாகரன். எழுபத்தேழு கார்த்திகையில் ஒரு நாள், மயிலாப்பூரில் புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் குடையை விரித்து, வழக்கம்போல் பாதியை அவன் பக்கம் சாய்த்தாள். "எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவன் மூன்றடி தள்ளி நடந்தான். அவள் குடையை நிமிர்த்திக்கொண்டாள். அது ஒருவருக்குச் சரியாக இருந்தது.